கொஞ்சம் லீக்கு

சட்டையைக் கழற்றி
இடப்பக்கமாய் ஒருக்களிக்கச் சொன்னாள் ஹெப்சிபா.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி, எக்கோ அறை,
டோக்கன் நாற்பத்தொன்று.
விலா எலும்புகளுக்கு நடுவே
ஜில்லென்று ஜெல் தடவி
கருவியை அழுத்தினாள்.

திரையில்
கறுப்பு வெள்ளையில் நாலு அறை.
என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது வேலை.
"இதுதான் வால்வு" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
இருபத்தாறு வருஷமாய் மெட்ரோ வாட்டரில்
வால்வு திறக்கிறவன் நான்.
விடிகாலை மூன்றரைக்கு சர்மா நகரில்
இரும்பு மூடியைத் தூக்கி
ஆளுயரச் சாவியை இறக்கி
பதினாலு சுற்று.

இதற்குச் சாவியே இல்லை.
மழையில் நனைந்த பஸ் டிக்கெட் மாதிரி
ரெண்டு மெல்லிய இதழ்.
பின்னாலிருந்து தள்ளினால் திறக்கிறது
முன்னாலிருந்து தள்ளினால் மூடுகிறது.
ரிஜிஸ்டரில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

"லப்டப்புன்னு கேக்குதே, என்னம்மா அது?"
"கதவு சாத்துற சத்தம்ண்ணா.
தொறக்கறப்ப சத்தமே வராது."
அது எனக்குத் தெரியும்.
அவசரமாய் மூடினால்
மண்ணுக்கடியில் குழாய் உறுமும்,
தெருநாய்கள் எழுந்து நிற்கும்.

வலப்பக்கம் உடம்பெல்லாம் சுற்றிவந்த அழுக்கு,
நுரையீரலுக்குப் போகக் காத்திருப்பது.
இடப்பக்கம் அங்கே அலசி வந்த சுத்தம்.
நடுவே ஒற்றைச் சுவர்.
எங்கள் ஏரியாவில்
குடிநீரும் கழிவுநீரும் இவ்வளவு நெருக்கமாய்ப் போனால்
காலையில் காலிக் குடங்களோடு ரோடு மறியல்தான்.

நாளொன்றுக்கு ஏழாயிரம் லிட்டராம்.
ஒரு சின்ன லாரி லோடு.
ஆனால் ஏரி கிடையாது, மழை கிடையாது,
அதே ஐந்து லிட்டர்
போய்ப் போய் வருகிறது.

பொத்தானை அமுக்கினாள், நிறம் வந்தது.
"நம்ம பக்கம் வந்தா சிவப்பு, தள்ளிப் போனா நீலம்.
நல்லது கெட்டதுன்னு இல்ல, தெசைதான்."
கதவு சாத்திய நேரம் பார்த்து
இடுக்கில் குபுக்கென்று ஒரு கலங்கல்,
மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தியதைப் போல.
கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றது அவள் கை.
நடுநிசியில் கம்பியை ரோட்டில் ஊன்றி
மறுமுனையில் காது வைத்து
நாங்கள் தேடுவதும் இதைத்தான்.
"லீக்கா?"
"கொஞ்சம்."

"ரூம் பூரா ரத்தம் இருக்கே,
இதுக்கென்னம்மா கொறச்சல்?"
"உள்ள இருக்கறத இது குடிக்காதுண்ணா.
வெளிய போற பெரிய கொழா வாசல்லேர்ந்து
ரெண்டு சின்ன லைன் திரும்பி வருது பாருங்க,
அதுலதான் இதுக்கு.
அதுவும், சுருங்கி முடிச்சு
ஓயற நேரத்துலதான் பெரும்பாலும்."

நான் ஒன்றும் பேசவில்லை.
நான் திறந்துவிடும் லைன்
எங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் செத்துவிடும்.
முப்பத்தைந்து ரூபாய்க்கு கேன் வாங்கிக் கவிழ்க்கும்போதெல்லாம்
வேதவல்லி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.
வாயைத் திறந்து சொன்னது ஒரே தடவை.

"மைல்டுதான். ஆறு மாசம் கழிச்சு வாங்க.
நடங்க. காலுக்கு எறங்குனது மேல ஏறணும்னா
கெண்டக்கால்தான் மோட்டார்."
துடைக்கக் காகிதம் கொடுத்தாள்.
துடைத்தும் போகவில்லை,
சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

பழைய ஜெயில் ரோட்டில்
பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன்.
மின்ட் வரைக்கும் கணக்கு வைத்தேன்,
ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனில் விட்டுப்போயிற்று.

மறுநாள் மூன்றரை மணி.
மூடி, சாவி, சுற்று.
ஒன்பதில் மூச்சு வாங்கியது.
வழக்கமாய் நிறுத்த மாட்டேன்,
பி.வி. காலனியில் குடங்கள் வந்து நின்றிருக்கும்,
போன் வரும்.
சாவியை விட்டேன்.
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன்.
உள்ளே அவசரம் தணிந்து
ரெண்டு சத்தத்துக்கு நடுவிலிருந்த இடைவெளி
மெல்ல நீண்டது.

குடிக்கட்டும் அது.